தேதி முடிந்த கார்டும் பெற்றவள் சொல்லும்

1

நம் தெரு மாரியம்மன் விழா மலர்க்குழுப் பிள்ளைகளுக்கும், இதை வாசிக்கப்போகிற எல்லோருக்கும் மைசூரிலிருந்து பாவாயி எழுதுவது. நான் ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான் படித்தேன். அதிலும் கடைசி வருஷம் பாதி நாள் போகவில்லை. எழுத்து கோணலாக இருக்கும். புள்ளி வைக்க வேண்டிய இடத்தில் வைக்காமல் விட்டிருப்பேன். மறதி வேறு. அடுப்பில் பாலை வைத்துவிட்டு எதற்காக அடுப்பைப் பற்றவைத்தோம் என்று யோசித்துக்கொண்டு நிற்கிறவள் நான். முன்னால் நடந்தது பின்னால் வந்தால் நீங்களே தூக்கி முன்னால் வைத்துக்கொள்ளுங்கள்.

வெளியூர் போய்ப் பிழைக்கிறவர்கள் எழுதி அனுப்பலாம் என்று போன வருஷ மலரில் கேட்டிருந்தீர்கள். துபாயிலிருந்து ஒருவரும் சிங்கப்பூரிலிருந்து ஒருவரும் எழுதியிருந்தார்கள். மைசூர் என்ன வெளிநாடா என்று நீங்கள் சிரிக்கலாம். பவானியில் காலையில் பஸ் ஏறினால் பொழுது சாய்வதற்குள் வந்துவிடலாம். கடல் தாண்டவில்லை, மலைதான் தாண்டினோம். ஆனாலும் ஆஸ்பத்திரியிலும் ரேஷன் கடையிலும் பஸ்ஸின் நெற்றியிலும் எழுதியிருப்பது ஒன்றையும் வாசிக்க முடியாத ஊரில் இத்தனை வருஷம் இருந்துவிட்டேன். அதை வெளிநாடு என்று சொன்னால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பெருமைக்காக எழுதவில்லை. எனக்குக் கூச்சம் அதிகம் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். ஒரு மாதமாக இருந்த இடத்தில் இருக்க முடியவில்லை. கூட்டின வாசலையே மறுபடி கூட்டுகிறேன். துவைத்து மடித்த புடவையைப் பிரித்து மறுபடி மடிக்கிறேன். என் மகள் ஜோதி பார்த்துப் பார்த்துச் சலித்துப்போய், "உங்க ஊருக்கே எழுதிக் கேளும்மா" என்றாள். கேட்க வேண்டியது ஒன்றுதான். ஜோதிக்கு வயது இருபதா, இருபத்திரண்டா?

பெற்றவளுக்குத் தெரியாதா என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றிக்கொண்டிருந்தது.

2

நான் ஒரு பெரிய ஹோட்டலில் வேலை செய்கிறேன். தேவராஜ மொஹல்லா மார்க்கெட்டிலிருந்து நடந்து போகிற தூரம். பகலில் பெண்கள் கழிவறைகளைக் கழுவுவது என் வேலை. கொஞ்ச காலத்துக்கு முன்னால் அந்த ஹோட்டலின் அடியில் உடைந்த நாற்காலிகள் போட்டு வைத்திருந்த அறையைக் காலி செய்து, சுவரெல்லாம் கறுப்புச் சாயம் அடித்து, டிஸ்கோ என்று ஒன்று வைத்தார்கள். சனிக்கிழமை சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திறப்பார்கள். உள்ளே பாட்டு, ஆட்டம், குடி. ஆணும் பெண்ணும் சேர்ந்தே ஆடுவார்கள். நீங்கள் முகம் சுளிப்பது எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. நானும் முதல் வாரம் சுளித்தேன். அப்புறம் பார்த்தால், வியர்த்து விறுவிறுத்து வெளியே வந்து, "அம்மா, குடியோக்கெ நீரு இதெயா?" என்று என்னிடமே தண்ணீர் கேட்கிற பிள்ளைகள்தான். எத்தனை நாளைக்குச் சுளிப்பது?

பெண்பிள்ளைகளின் கைப்பையை ஆண்கள் துழாவக் கூடாது என்று, சனிக்கிழமைகளில் என்னை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்தார்கள். பையில் பாட்டிலோ பிளேடோ இருக்கிறதா என்று நான் பார்க்க வேண்டும். வயதைப் பார்ப்பது நஞ்சப்பா. அவன் ஒரு காலத்தில் தசராக் குஸ்தியில் இறங்கினவன். காது இரண்டும் நசுங்கிப்போய், பிசைந்து வைத்த மாவு மாதிரி இருக்கும். எல்லோரும் பைல்வான் என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள்தான் மலை, குரல் மெதுவானது. வாய்தான் கொஞ்சம் கெட்ட வாய்.

இருபத்தொரு வயது முடிந்தவர்களைத்தான் உள்ளே விட வேண்டும் என்பது ஹோட்டல் சட்டம். போட்டோவும் பிறந்த தேதியும் உள்ள கார்டு காட்ட வேண்டும். பங்களா வீட்டுப் பிள்ளைகள் பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டுவார்கள். மற்றவர்களிடம் என்ன இருக்கும்? படிப்பை விட்ட பிறகும் தூக்கிப்போடாமல் வைத்திருந்த காலேஜ் கார்டு, போன வருஷத்துப் பஸ் பாஸ், எப்போதோ வேலை பார்த்த கம்பெனியின் கார்டு. எல்லாம் தேதி முடிந்தது. ஆரம்பத்தில் நஞ்சப்பா பிறந்த தேதியை மட்டும் பார்த்துவிட்டு விட்டுவிடுவான். பிறகு யாரோ வந்து மிரட்டிவிட்டுப் போனார்கள் போலிருக்கிறது. தேதி முடிந்த கார்டு இனிமேல் செல்லாது என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

அந்த வாரம் டிஸ்கோ திறப்பதற்கு முன்னால் நான் நஞ்சப்பாவிடம் கேட்டேன். நாங்கள் பேசுவது கன்னடம்தான். உங்களுக்குப் புரிய வேண்டும் என்று தமிழில் எழுதுகிறேன்.

"கார்டுக்குத் தேதி முடிஞ்சா, அந்தப் புள்ளை பொறந்ததும் இல்லைன்னு ஆயிருமா?"

"பொறந்ததை யாரு இல்லைன்னாங்க பாவாயம்மா? பொறந்துச்சுன்னு சொல்ற வாய் இருக்குதே, அதுக்குத்தான் கெடு முடிஞ்சு போச்சு" என்றான்.

எனக்கு எங்கள் ரேஷன் கார்டு ஞாபகம் வந்தது. இங்கே வந்த புதிதில், பவானியில் பெயர் எடுத்ததற்குச் சீட்டு கொண்டு வந்தால்தான் இங்கே பெயர் சேர்ப்போம் என்றார்கள். பவானிக்குப் போனால், மைசூரில் பெயர் சேர்த்ததற்குச் சீட்டு கொண்டுவா, அப்போதுதான் எடுப்போம் என்றார்கள். என் வீட்டுக்காரர் இரண்டு ஊருக்கும் மாறி மாறி நடந்து, கடைசியில் கூடலூர்ப் பக்கம் போகிற லாரிக்காரன் மாதிரி மலையேறி மலையிறங்கியே அந்த வருஷம் போயிற்று. அதுவரைக்கும் நாங்கள் அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை. ஆனால் மூன்று வேளையும் பசித்தது.

3

வீட்டுக்காரருக்கு சென்ட்ரிங் வேலை. கட்டடம் எங்கே எழும்புகிறதோ அங்கே நாங்கள். கொள்ளேகாலத்தில் கொஞ்ச நாள், சாமராஜநகரில் கொஞ்ச நாள், நஞ்சன்கூட்டில் கொஞ்ச நாள். பலகை பிரித்ததும் நாங்களும் பிரிந்துவிடுவோம். அதனால் ஜோதியைக் காலத்தில் பள்ளிக்கூடத்தில் சேர்க்க முடியவில்லை. மைசூரில் நிலையாகத் தங்கிய பிறகுதான் சேர்த்தோம். அன்றைக்கு எங்களோடு சென்ட்ரிங் வேலைக்காரர் பிள்ளைகள் இன்னும் சிலரும் சேர்ந்தார்கள். எல்லாம் வயது தாண்டின பிள்ளைகள். ஹெட்மாஸ்டர் மூக்குக் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு, "இத்தனை வயசைப் போட்டா பின்னால பரீட்சைக்கும் வேலைக்கும் இடிக்கும்" என்று ஆளுக்கு இரண்டு வயதைக் குறைத்து எழுதினார். மாதம் எல்லோருக்கும் ஜூன். அந்த வகுப்பில் ஆடியில் பிறந்த பிள்ளை ஒன்றுகூடக் கிடையாது.

ஜோதி பத்தாவது முடித்த வருஷம் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தார். ரெடிமேட் துணி தைக்கிற கம்பெனியில் ஆள் எடுத்தார்கள். பதினெட்டு முடிந்திருக்க வேண்டும் என்றார்கள். பள்ளிக்கூடத்துக் கணக்கில் அவளுக்குப் பதினாறு. நான் சூப்பர்வைசரிடம், "பள்ளிக்கூடத்துல ரெண்டைக் குறைச்சுப் போட்டுட்டாங்க சாமி, நெசத்துல பதினெட்டு" என்று சொன்னேன். அவர் சான்றிதழ் கேட்கவில்லை. நான் சொன்னதையே கார்டில் அடித்து, போட்டோ ஒட்டிக் கொடுத்துவிட்டார். அந்தக் கம்பெனி பிறகு மூடிவிட்டது. கார்டு மட்டும் ஜோதியின் டிரங்குப் பெட்டியில் கிடந்தது. இப்போது அவள் பகலில் எஸ்.டி.டி. பூத்தில் உட்கார்ந்துகொண்டு, சாயங்காலம் கம்ப்யூட்டர் கிளாஸுக்குப் போகிறாள். கிளாஸில் கொடுத்த புதுக் கார்டில் பள்ளிக்கூடத்து வயதுதான் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காவேரித் தண்ணீருக்காக இங்கே தகராறு நடந்ததே, அப்போது ஜோதி பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். தமிழ்க்காரர்களுடைய குடிசைகளைக் கொளுத்தினார்கள். எங்களை எதிர்வீட்டுக் கன்னடத்து அம்மாதான் உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். அந்த நாட்களில் நான் ஜோதியிடம் சொல்லி வைத்தேன்: "ரோட்டுல என்னைக் கூப்பிடாதே அம்மிணி. நான் வாயைத் தொறந்தா தமிழ்தான் வரும். நீ பாட்டுக்கு முன்னால போயிரு, நான் பின்னாலேயே வர்றேன்." அவளும் சொன்னபடி கொஞ்சம் முன்னால் நடந்தாள். யாராவது ஏதாவது கேட்டால் சுத்தமான கன்னடத்தில் பதில் சொன்னாள். அவள் பேச்சைக் கேட்டு யாரும் சந்தேகப்படமாட்டார்கள்.

தகராறு ஓய்ந்தது. கடைகளில் அழித்த தமிழ் எழுத்தைக்கூடச் சிலர் திரும்ப எழுதினார்கள். ஜோதி மட்டும் முன்னால் நடப்பதை நிறுத்தவில்லை. நிறுத்தச் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. முதலில் பயத்துக்கு நடந்தவள், பிறகு எதற்காக நடக்கிறாள் என்று தெரியாமலே நானும் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு நடந்தேன்.

4

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம், சிநேகிதி ரூபா வீட்டில் பிறந்தநாள் என்று சொல்லிவிட்டு ஜோதி கிளம்பினாள். ஹோட்டலில் கூடுதல் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு நானும் கிளம்பினேன். டிஸ்கோ வாசலில் உட்காருகிறேன் என்று அவளிடம் நான் சொன்னதே இல்லை. பெற்ற பெண்ணிடம் அதை எந்த முகத்தோடு சொல்வது?

வாசல் திறந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. வரிசையில் நாலு பெண்பிள்ளைகள் சிரித்துக்கொண்டு வந்தார்கள். ஒருத்தி நீலப் பேண்ட் போட்டு, தலையை விரித்துப் போட்டிருந்தாள். நல்ல களையான பெண் என்று நினைத்தேன். என் மகள் என்று தெரியவில்லை. அந்தப் பேண்ட் எங்கள் வீட்டுக் கொடியில் ஒரு நாளும் காய்ந்ததில்லை. அவள் பையை என் மடியில் வைத்தபோது கையைப் பார்த்தேன். ஆள்காட்டி விரலில், கம்பெனி மிஷினில் ஊசி ஏறின தழும்பு.

நான் நிமிரவில்லை. பையை வைத்த அவள் கை அப்படியே நின்றுவிட்டது. என்னைக் கண்டுகொண்டாள் என்று தெரிந்தது. டிஸ்கோவுக்கு வாசல் வேறு, அம்மா மேலே கழிவறைப் பக்கம்தான் இருப்பாள் என்று நினைத்து வந்திருப்பாள்.

ரூபா ஸ்கூட்டர் லைசென்ஸைக் காட்டினாள், நஞ்சப்பா போகலாம் என்றான். மற்ற இரண்டு பேரும் போனார்கள். ஜோதி பழைய கம்பெனிக் கார்டை நீட்டினாள். நஞ்சப்பா அதை டார்ச் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இது எப்பவோ முடிஞ்சு போச்சே. வேற இல்லையா?"

"வேற இல்ல சார். டேட் ஆஃப் பர்த் தெளிவா இருக்குதல்லவா? இருபத்திரெண்டு ஆச்சு" என்றாள் ஜோதி.

"பாவாயம்மா, பையில வேற ஏதாவது கார்டு இருக்குதா பாரு."

இருந்தது. உள்பக்கத்துச் சின்னப் பையில் கம்ப்யூட்டர் கிளாஸ் கார்டு. என் விரல் அதன் மேல்தான் இருந்தது. இல்லை என்று சொல்லி மூடிக் கொடுத்திருக்கலாம். நாக்கு எழவில்லை, தலையும் ஆடவில்லை. நஞ்சப்பா குனிந்து அவனே எடுத்துக்கொண்டான். இரண்டு கார்டையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு வரிசைக்கே கேட்கிற மாதிரி சொன்னான்:

"பாருங்கப்பா! செத்துப்போன கார்டுல இருபத்திரெண்டு. உசிரோட இருக்கிற கார்டுல இருபது. ஏம்மா, நீ எந்த வயித்துல ரெண்டு தரம் பொறந்தே?"

வரிசையில் எல்லோரும் சிரித்தார்கள். உள்ளே போன ரூபாவும் திரும்பி வந்து கதவருகில் நின்று பார்த்தாள். ஜோதி தலையைக் குனிந்துகொண்டாள்.

நான் எழுந்து நின்றேன். இத்தனை வருஷத்தில் அந்த ஹோட்டலில் ஒருவர் முன்னாலும் நான் சத்தமாகப் பேசியதில்லை. கன்னடத்தில் சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்தேன். வந்தது தமிழ்.

"என்ற வயித்துல. ஒரே தரம்."

நஞ்சப்பாவுக்கு அவ்வளவு தமிழ் புரியும். டார்ச்சை அணைத்தான். நான் பிறகு கன்னடத்தில், பள்ளிக்கூடத்தில் இரண்டு வயதைக் குறைத்ததையும், பழைய கார்டில் உள்ளதுதான் நிஜம் என்பதையும், பெற்றவள் நான் என்பதையும் சொன்னேன். சொல்லும்போது ஒரு கையால் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன்.

"பாவாயம்மா, நான் பேசினது தப்பு" என்று அவன் மெதுவாகச் சொன்னான். "நீ சொன்னா நான் நம்புவேன். மேனேஜர் நம்ப மாட்டாரு. அவருக்குக் கார்டு வேணும். நீதான் அம்மான்னு சொல்றதுக்கு உன்கிட்ட ஏதாவது கார்டு இருக்குதா?"

அவன் கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே ஏதாவது இருக்குமா என்றுதான் கேட்டான். நான் முந்தானையைத் தடவிப் பார்த்தேன். எதற்குத் தடவினேன் என்று தெரியவில்லை.

"ஆண்ட்டி, நீங்க ஜோதியோட அம்மாவா?" என்று ரூபா கேட்டாள். பிறகு ஜோதியைப் பார்த்து, "அம்மா ஊர்ல இருக்காங்கன்னு சொன்னே?" என்றாள்.

ஜோதி இரண்டு கார்டையும் நஞ்சப்பா கையிலிருந்து வாங்கிக்கொண்டு, பையை என் கையிலேயே விட்டுவிட்டு, படியேறிப் போய்விட்டாள்.

5

நஞ்சப்பா, "போ, போ, வர்றவங்க பையை நானே பார்த்துக்கறேன், மேனேஜர் கேட்டா வயித்து வலின்னு சொல்றேன்" என்று என்னை அனுப்பினான். நான் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஜோதி மார்க்கெட் பக்கம் போய்க்கொண்டிருந்தாள். எப்போதும் போல முன்னால். பூக்கடைக்காரர்கள் மிச்சப் பூவைக் கூடையில் கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் கூப்பிடவில்லை. கூப்பிடுகிற வழக்கம்தான் எங்களுக்கு இல்லையே.

வாழைக்காய் மண்டி முனையில் அவளே நின்று திரும்பினாள். நடுரோட்டில், அத்தனை பேருக்கு நடுவில், தமிழில் கத்தினாள்.

"ஏம்மா எந்திரிச்சே? சும்னே உக்காந்திருக்க வேண்டியதுதானே!" சும்மா என்பதற்கு அவளுக்குக் கன்னடத்துச் சும்னேதான் வரும்.

எனக்கு முதலில் வந்தது பயம். சுற்றும் முற்றும் பார்த்தேன். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு சுமைக்காரர் மட்டும், வழி விடுங்கள் என்று கன்னடத்தில் சொல்லிவிட்டுப் போனார்.

"அவன் வயித்தைப் பேசினான் அம்மிணி" என்றேன்.

"அவன் எல்லாரையும்தான் பேசறான். நாளைக்கு கிளாஸ்ல கேப்பாங்க, உங்கம்மா பாத்ரூம் கழுவறாங்களான்னு."

"ஆமாம், கழுவறாங்கன்னு சொல்லு. அது பொய் இல்லையே."

"நீ எதுக்கு ஓவர்டைம்னு பொய் சொன்னே?"

"நீ எதுக்குப் பொறந்தநாள்னு சொன்னே?"

அவளுக்குச் சிரிப்பு வந்து அதை அடக்குகிறாளா, அழுகை வந்து அடக்குகிறாளா என்று அந்த வெளிச்சத்தில் தெரியவில்லை. பையை நீட்டினேன். வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள்.

"உள்ள என்னதான் இருக்குது? நான் ஒரு தரம்கூடப் பார்த்ததில்லை. எல்லாரும் பார்த்துட்டாங்க" என்றாள்.

"ஒண்ணுமில்லை. கறுப்புச் சுவரு. காலையில கூட்டினா ஜிகினாவா வரும்."

"நீ கூட்டறதுக்குப் போறே. நான் ஆடறதுக்குப் போறேன். ரெண்டும் ஒண்ணா?"

அவள் சொல்வதிலும் நியாயம் இருந்தது. ஆட்டோ ஏதும் பிடிக்காமல் அக்ரஹாரம் என்று பெயர் உள்ள எங்கள் பேட்டைக்கு நடந்தே போனோம். அங்கேதான் ஒரு வரிசை வீட்டில் கடைசி அறையில் குடியிருக்கிறோம். அன்றைக்கு அவள் முன்னால் போகவில்லை. என் பக்கத்திலேயே நடந்தாள். பிரியத்தில் நடந்தாள் என்று நான் எண்ணிக்கொள்ளவில்லை. ஏதோ கேட்க வேண்டியிருந்ததால் நடந்தாள். கோயில் முனை திரும்பினதும் கேட்டாள்.

"அம்மா. அங்க எந்திரிச்சு நின்னு சொன்னியே. நெஜமாவே எனக்கு இருபத்திரெண்டா? இல்ல, எனக்காகச் சொன்னியா?"

"நெசந்தான். பெத்தவளுக்குத் தெரியாதா?"

"கம்பெனியிலயும் இப்படித்தான் சொன்னே. அப்ப நமக்கு அரிசிக்கு வழியில்ல. சூப்பர்வைசர் பதினஞ்சு வேணும்னு சொல்லியிருந்தா பதினஞ்சுன்னு சொல்லியிருப்பே. அல்லவா?"

அதற்கு நான் உடனே பதில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அந்தக் கொஞ்ச நேரம்தான் ஒரு மாதமாக என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

6

அன்றைக்குச் சூப்பர்வைசரிடம் நிஜத்தைத்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன். ஆனால் அன்றைக்கு அந்த நிஜம் எனக்குத் தேவையாகவும் இருந்தது. தேவைக்குச் சொன்ன நிஜத்தையும் தேவைக்குச் சொன்ன பொய்யையும் இத்தனை வருஷம் கழித்து எப்படிப் பிரிப்பது? ஹெட்மாஸ்டர் வயதைக் குறைத்து எழுதியது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கண்ணாடி, மைக்கூடு, ஜன்னலில் உட்கார்ந்திருந்த காக்கை எல்லாம் ஞாபகம் இருக்கிறது. ஆனால் அவர் குறைத்தது ஜோதிக்கா, எங்களோடு வந்த பிள்ளைகளுக்கு மட்டுமா? அந்தக் கதையைப் பல பேரிடம் பல தரம் சொல்லியாகிவிட்டது. சொல்லச் சொல்ல ஜோதியும் அதற்குள் வந்து சேர்ந்துகொண்டாளோ என்று பயமாக இருக்கிறது. கேட்டுத் தெரிந்துகொள்ள வீட்டுக்காரர் இல்லை.

எனக்கு என் வயதே சரியாகத் தெரியாது. கேட்டால் அறுபது என்கிறேன். சில வருஷங்களாகவே அறுபதுதான்.

ஜோதி மறுநாளும் கோபமாக இல்லை. அதுதான் எனக்குச் சங்கடம். சோறு போட்டால் சாப்பிடுகிறாள். பூத்துக்குப் போகிறாள். கிளாஸில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, ஒருத்தியும் ஒன்றும் கேட்கவில்லை, ரூபா மட்டும் என்னை விசாரித்தாள் என்று அவளே வந்து சொன்னாள். நஞ்சப்பா என்னிடம், "உன் மகளை அடுத்த வாரம் அனுப்பு, நான் அந்தப் பக்கம் திரும்பிக்கறேன்" என்றான். அதைச் சொன்னேன். "அவரு திரும்பிக்கிட்டு நான் போகணுமா? முகத்தைப் பார்த்துக் கார்டைக் காட்டித்தான் போவேன்" என்றாள். அப்புறம், "எந்தக் கார்டைக் காட்டறதுன்னுதான் தெரியல" என்றாள்.

ஓட்டுப் போடுவதற்குப் போட்டோ வைத்த கார்டு கொடுக்கிறார்களே, அதற்குப் படம் எடுக்க எங்கள் தெருவுக்கும் வரப்போகிறார்கள். அப்போது ஜோதி ஒரு வயதைச் சொல்ல வேண்டும். அவள் சொன்னாள்: "அவங்ககிட்ட எதைச் சொல்றதுன்னு நான் பார்த்துக்கறேன். சர்டிஃபிகேட்ல என்ன வேணா இருக்கட்டும். எனக்கு நிஜம் தெரியணும். ரெண்டு வருஷம்மா. சும்னே காணாமப் போகுமா?" அதனால்தான் எழுதச் சொன்னாள்.

இனி நான் கேட்க வேண்டியதைக் கேட்கிறேன்.

ஜோதி பிறந்தது பவானியில், என் அம்மா வீட்டில். ஆஸ்பத்திரி இல்லை, பதிவும் இல்லை. ஆடிப் பதினெட்டுக்கு மறுநாள் என்று எனக்குத் தெரியும். எந்த வருஷத்து ஆடி என்பதுதான் கேள்வி. ஆற்றில் தண்ணீர் படித்துறை ஏறி வந்து, விளக்கு விடப் போன பெண்களை மேலேயே நிறுத்தின வருஷம் என்று இதுவரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன். இந்த ஒரு மாதமாக அதிலும் சந்தேகம் வந்துவிட்டது. ஏனென்றால் ஜோதிக்கு முன்னால் எனக்கு ஒரு ஆண்பிள்ளை பிறந்தது. கல்யாணமாகி வெகுகாலம் கழித்துப் பிறந்தது. அதுவும் அம்மா வீட்டில், அதுவும் ஆடியில். ஒரு வாரம்கூடத் தங்கவில்லை. அதற்கு இரண்டு வருஷம் கழித்து ஜோதி. ஒரு ஆடியில் ஆறு பெருகி வந்தது. ஒரு ஆடியில் தண்ணீர் வராமல் மணல் தெரிந்தது. காவேரிக்கு அணை கட்டியிருக்கிற இந்த ஊரில் இருந்துகொண்டு, தண்ணீர் வந்த வருஷத்தை உங்களிடம் கேட்க வேண்டியிருக்கிறது. எதில் அவன் வந்தான், எதில் இவள் வந்தாள்? இருபத்திரண்டு என்று நான் சொல்வது அவன் வயதோ? படுத்துக்கொண்டு யோசித்தால் ஆற்றுச் சத்தம் கேட்கிறது. அந்தச் சத்தத்தோடு ஒரு பிள்ளை அழுகிறது. எந்தப் பிள்ளை என்று தெரியவில்லை.

ஜோதி தண்ணீர் வந்த வருஷத்தில் பிறந்தவளா, மணல் தெரிந்த வருஷத்தில் பிறந்தவளா என்று தெரிந்தால் போதும். படித்துறைக்குப் பக்கத்தில் பூ விற்ற சரசக்கா இரண்டு பிரசவத்துக்கும் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் இருக்கிறாளா, நினைவு நன்றாக இருக்கிறதா என்று யாராவது போய்ப் பாருங்கள். அவள் இல்லாவிட்டால் அவள் மருமகளைக் கேளுங்கள். ஆறு படியேறி வந்த வருஷம் எது என்பது கோயிலில் யாருக்காவது தெரிந்திருக்கும். அதையும் ஒத்துப் பாருங்கள். நான் எழுதினதில் ஊர்ப் பெயரோ முறையோ தப்பாக இருந்தால் அதையும் திருத்திவிடுங்கள்.

பதில் எழுதும்போது ஒன்று. ஜோதிக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. உங்கள் கடிதத்தை நான்தான் அவளுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். அதில் என்ன இருந்தாலும், இருபத்திரண்டு என்று என் வாய் சொல்லிவிடுமோ என்று எனக்கே என் மேல் நம்பிக்கை இல்லை. அதனால் வருஷத்தை எழுத்தில் எழுதாதீர்கள். எண்ணாகப் போடுங்கள், பெரிதாகப் போடுங்கள். எண் என்றால் அவளே படித்துக்கொள்வாள்.